ஸ்னைப்பருக்கு எந்தத் தோட்டா? காலிபர் எண்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2019 தொடக்கத்தில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் நிற்கும் இந்திய ஸ்னைப்பர்களுக்கு இரண்டு புதிய துப்பாக்கிகள் வந்தன. ஒன்று இத்தாலியின் பெரெட்டா குழுமத்தின் ஸ்கார்ப்பியோ டிஜிடி. அதன் தோட்டா .338 லாபுவா மேக்னம். இன்னொன்று அமெரிக்காவின் பாரெட் எம்-95. அதன் தோட்டா .50. அதே ஆண்டில், 5,719 ஸ்னைப்பர் துப்பாக்கிகளும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் கேட்டு விட்டிருந்த பெரிய டெண்டரை ராணுவம் திரும்பப் பெற்றது. 2022இல் பின்லாந்தின் சாகோ டிஆர்ஜி-42 என்ற பெயர் அடிபட்டது, அதுவும் .338. இதற்கு நடுவே சாதாரணக் காலாட்படை வீரர்களுக்கு 7.62 சிக் சாவர், 7.62 ஏகே-203 என்று வேறு செய்திகள்.

இத்தனை எண்களையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வருவது நியாயம். .50தானே எல்லாவற்றிலும் பெரியது, எல்லா ஸ்னைப்பருக்கும் அதையே கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்க மாட்டார்கள். ஏன் என்று பார்க்க, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். ஏறக்குறைய குண்டின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்கில் அதை அங்குலத்தில் சொல்வார்கள். .338 என்றால் 8.6 மி.மீ.; .50 என்றால் 12.7 மி.மீ. ஐரோப்பிய வழக்கில் மி.மீ. கணக்கில் சொல்லி, பக்கத்திலேயே தோட்டா உறையின் நீளத்தையும் சேர்ப்பார்கள். 7.62×51 என்றால் உறையின் நீளம் 51 மி.மீ.

செய்திகளில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த இரண்டாவது எண்தான். ஆனால் வெடிமருந்து இருப்பது உறைக்குள். உறை பெரிதானால் மருந்து அதிகம், குண்டு கிளம்பும் ஆற்றலும் அதிகம். இந்தியப் படைகளிடம் இன்று மூன்று வகை 7.62 இருக்கிறது:

1. 7.62×39. ஏகே வகைத் துப்பாக்கிகளுடையது. ஏகே-203உம் இதில் சேர்ந்தது. ஆற்றல் சுமார் 2,000 ஜூல். சில நூறு மீட்டருக்குள் நடக்கும் சண்டைக்கானது.
2. 7.62×51. நேட்டோ நாடுகளின் தோட்டா. சிக் சாவர் நிறுவனத்தின் சிக் 716, இஸ்ரேலின் நெகேவ் இலகு எந்திரத் துப்பாக்கி இரண்டும் இதைத்தான் சுடுகின்றன. சுமார் 3,400 ஜூல்.
3. 7.62×54ஆர். 1891இல் ரஷ்யப் பேரரசு ஏற்றுக்கொண்ட தோட்டா, இன்னும் ஓய்வு பெறவில்லை. டிராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கி சுடுவது இதை. ஆற்றலில் இரண்டாவதற்குச் சமம்.

ஒன்றின் தோட்டா இன்னொன்றில் ஏறாது. அதனால் ‘ராணுவம் 7.62க்கு மாறுகிறது’ என்ற தலைப்பைப் படித்தால் எந்த 7.62 என்று கேட்டுக்கொள்வது நல்லது. 12.7இலும் இதே கதைதான். பாரெட் சுடுவது 12.7×99, டி-72 டாங்கியின் மேலே இருக்கும் எந்திரத் துப்பாக்கி சுடுவது 12.7×108. டாங்கிப் பிரிவின் கிடங்கில் பெட்டி பெட்டியாக 12.7 இருந்தாலும் பாரெட் வைத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் உதவாது.

தூரத்தைத் தீர்மானிப்பது எது

குழலை விட்டுக் கிளம்பும் குண்டு ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் போகிறது. காற்று அதைத் தொடர்ந்து பிடித்து இழுக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அந்த எல்லையை நெருங்கி, அதற்குக் கீழே இறங்கும்போது அதன் மேல் படும் காற்றழுத்தம் மாறி, குண்டு தடுமாற ஆரம்பிக்கும். அதன் பிறகும் அது போகும், ஆளைக் கொல்லும். ஆனால் எங்கே போய் விழும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். ஸ்னைப்பர் தோட்டாவின் ‘நம்பகமான தூரம்’ என்று சொல்வது ஏறக்குறைய இந்த இடம் வரைக்கும்தான்.

கடல்மட்டத்தில் தோராயக் கணக்கு இப்படி வரும்:

1. 7.62×51 ஸ்னைப்பர் ரகம்: குண்டு 11.3 கிராம், சுமார் 900 மீட்டர்.
2. .300 வின்செஸ்டர் மேக்னம்: குண்டு 14.3 கிராம் வரை. சுமார் 1,200 மீட்டர்.
3. .338 லாபுவா மேக்னம்: குண்டு 16.2 அல்லது 19.4 கிராம், ஆற்றல் 6,500 ஜூல் அளவில். 1,400 முதல் 1,500 மீட்டர்.
4. .50: குண்டு 40 கிராமுக்கு மேல், ஆற்றல் 17,000 ஜூலுக்கு மேல், 1,800 மீட்டர் அளவில்.

பெரிய தோட்டா என்றதும் எல்லோரும் ஆற்றலைத்தான் பார்க்கிறார்கள். என் பார்வையில் ஸ்னைப்பருக்கு அதைவிடப் பெரிய லாபம் காற்றில் கிடைக்கிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டரில் 7.62×51 குண்டை அது இரண்டரை மீட்டருக்கு மேல் ஒதுக்கித் தள்ளிவிடும். .338இன் கனமான குண்டை ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். சரி, இரண்டையும் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாமே? திருத்தலாம். ஆனால் காற்றின் வேகத்தை யாரும் துல்லியமாகக் கணிப்பதில்லை. மணிக்கு 2 கி.மீ. தவறாகக் கணித்தாலே 7.62×51 முப்பது செ.மீ.க்கு மேல் விலகும். அரை மீட்டர் அகல இலக்கின் நடுவைக் குறிபார்த்திருந்தாலும் குண்டு வெளியே போய்விடும். அதே தவறில் .338 இருபது செ.மீ.க்குள் விலகி இலக்குக்குள்ளேயே நிற்கும்.

இங்கே இன்னொரு அளவையும் அறிமுகப்படுத்திவிடலாம். துப்பாக்கியின் துல்லியத்தை நிமிடக் கோணத்தில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 செ.மீ.; 1,000 மீட்டரில் 29 செ.மீ. நல்ல ஸ்னைப்பர் துப்பாக்கியும் நல்ல தோட்டாவும் சேர்ந்தால் ஒரு நிமிடக் கோணத்துக்குள் சுடும். ‘சேர்ந்தால்’ என்பது இந்த வாக்கியத்தில் முக்கியமான சொல்.

உயரத்தையும் விட்டுவிடக் கூடாது. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. இழுவை குறைவதால் எல்லாத் தோட்டாவும் கூடுதல் தூரம் போகும். காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டின் பெரும்பகுதி மலை என்பதால், ராஜஸ்தான் பாலைவனத்தில் 900 மீட்டர் என்று எழுதி வைத்த துப்பாக்கி அங்கே அதைத் தாண்டும். கூடவே குளிர் குறுக்கே வரும். குளிரில் காற்று கொஞ்சம் அடர்த்தியாகும், வெடிமருந்தும் சற்று மந்தமாக எரியும். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு இடத்தில் இரண்டு அட்டவணை தேவைப்படுவது இதனால்தான்.

டிராகுனோவ் தோற்றுப்போனதா?

டிராகுனோவ் பழசாகிவிட்டது, மோசமான துப்பாக்கி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பழசு என்பது உண்மை. மோசம் என்பது அநியாயம்.

சோவியத் ராணுவம் 1963இல் அதை ஏற்றுக்கொண்டபோது, தனியாக மறைந்திருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் ஸ்னைப்பரை மனத்தில் வைக்கவில்லை. காலாட்படைப் பிரிவோடு கூடவே நடந்து, ஏகே எட்டாத 600, 800 மீட்டரில் எதிரியின் எந்திரத் துப்பாக்கிக்காரரையோ அதிகாரியையோ அடிக்கும் ஆளுக்காக அதைச் செய்தார்கள். அதனால் எடை நாலரை கிலோ அளவுக்குள் அடக்கம், பத்துத் தோட்டா மேகசின், ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுக்கத் தேவையில்லாத தானியங்கி ஏற்றம், நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி. அந்த வேலைக்கு அது இன்றும் பொருத்தம்.

கட்டுப்பாட்டுக் கோட்டில் வேலை வேறு. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு நிலை, அந்தப் பக்கம் ஒரு நிலை. நடுவே இருப்பது நிரந்தரமான, பெரும்பாலும் நீண்ட தூரம். அதோடு தோட்டாத் தரம் என்ற சிக்கலும் உண்டு. டிராகுனோவுக்கென்றே 1967இல் 7என்1 என்ற தனி ஸ்னைப்பர் தோட்டாவை சோவியத்தில் உருவாக்கினார்கள். எந்திரத் துப்பாக்கிக்கான தோட்டாவும் அதே 7.62×54ஆர்தான், டிராகுனோவில் தாராளமாக ஏறும். ஆனால் அதைப் போட்டால் துல்லியம் எந்திரத் துப்பாக்கியின் தரத்துக்கு இறங்கிவிடும்.

.338: தேவைக்கு அளவெடுத்த தோட்டா

7.62க்கும் .50க்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருந்தது. ஒன்று 1,000 மீட்டரில் மூச்சு வாங்கியது. இன்னொன்றின் துப்பாக்கியை ஒரு ஆள் மலையேற்றிக் கொண்டுபோவதே பெரும்பாடு. 1983இல் அமெரிக்காவில், 1,000 மீட்டர் அளவில் ராணுவக் கவச உடையைத் துளைக்கும் ஸ்னைப்பர் தோட்டா வேண்டும் என்று வேலை தொடங்கியது. பெரிய விலங்குகளை வேட்டையாடுவதற்காக 1911இல் வந்த .416 ரிக்பி என்ற பிரிட்டிஷ் தோட்டாவின் உறையை எடுத்து, அதன் கழுத்தைச் சுருக்கிப் பார்த்தார்கள். வேட்டைத் தோட்டாவின் உறை புதிய அழுத்தத்தைத் தாங்கவில்லை. பின்லாந்தின் லாபுவா நிறுவனம் உறையை உறுதியாக்கி வடிவத்தைத் திருத்தி முடித்தது. 1989இல் அது முறையாகப் பதிவானது.

பிரிட்டிஷ் ராணுவம் ஆப்கானிஸ்தானில் தன் 7.62 ஸ்னைப்பர் துப்பாக்கிகளின் இடத்தில் .338 சுடும் எல்115ஏ3 துப்பாக்கியைக் கொண்டுவந்தது. 2009 நவம்பரில் ஹெல்மண்ட் மாகாணத்தின் மூசா காலாவில் கிரெய்க் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் வீரர் 2,475 மீட்டரில் இலக்கைத் தொட்டது அந்தத் துப்பாக்கியால்தான். இந்தச் சாதனையை வைத்து .338இன் தூரம் இரண்டரை கிலோமீட்டர் என்று முடிவுகட்டக் கூடாது. மூசா காலா கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல குண்டுகளைச் சுட்டு, விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்திய பிறகே இலக்கு விழுந்தது. சாதனைத் தூரத்தை வைத்து எந்த ராணுவமும் துப்பாக்கி வாங்குவதில்லை.

அமெரிக்கத் தரைப்படை வேறு வழி எடுத்தது. அதன் எம்24 துப்பாக்கி 7.62×51தான் சுட்டது என்றாலும், நீளமான தோட்டாவும் ஏறும்படி அதன் உடல் பகுதியை முதலிலேயே பெரிதாகச் செய்திருந்தார்கள். ஆப்கன் மலைகளில் தூரம் போதவில்லை என்றதும், அதே உடலை .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மாற்றி எம்2010 ஆக்கிவிட்டார்கள். தூரத்தில் .338ஐ விட ஒரு படி குறைவுதான், ஆனால் கையில் இருந்ததை வைத்தே காரியம் முடிந்தது.

.50 எதைச் சுட வந்தது

பாரெட் போன்ற .50 துப்பாக்கிகளுக்குப் பொருள் அழிப்புத் துப்பாக்கி என்று பெயர். ரேடார், தகவல் தொடர்புக் கருவி, வண்டியின் எஞ்சின், தரையில் நிற்கும் ஹெலிகாப்டர், பதுங்கு குழியின் சுடும் துளை ஆகியவைதான் அதன் முதல் இலக்குகள். 40 கிராமுக்கு மேற்பட்ட குண்டுக்கு அங்கேதான் வேலை.

ஆளைக் குறிவைக்கும்போது இரண்டு குறைகள் தெரியும். முதலாவது, சாதாரண .50 தோட்டா எந்திரத் துப்பாக்கிக்காகச் செய்தது. அது இரண்டரை நிமிடக் கோணத்தில் சிதறினால் 1,500 மீட்டரில் குண்டுகள் ஒரு மீட்டருக்கு மேல் பரவும். லாரிக்குப் போதும், ஆளுக்குப் போதாது. இரண்டாவது, எம்-95 மட்டுமே பத்து கிலோவுக்கு மேல். ஒரு தடவை சுட்டால் கிளம்பும் சத்தமும் புழுதியும் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் 2002இல் கனடா நாட்டு ஸ்னைப்பர் ராப் ஃபர்லாங் 2,430 மீட்டரில் சுட்டது எப்படி? அவர் கையில் இருந்த மெக்மில்லன் டாக்-50 துல்லியத்துக்காகவே செய்த போல்ட் துப்பாக்கி. சண்டை நடந்த ஷாஹி கோட் பள்ளத்தாக்கோ மெல்லிய காற்றுள்ள உயரமான இடம்.

நம் ஊர் விஷயம் ஒன்று இங்கே வருகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்த ‘வித்வன்சக்’ இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். குழல், போல்ட், மேகசின், தொலைநோக்கியை மாற்றிக்கொண்டால் 12.7×108, 14.5, 20 மி.மீ. என்று மூன்று வகையும் சுடும். எல்லைப் பாதுகாப்புப் படை அதை வாங்கியது. எடைதான் பிரச்சினை: 25 கிலோவுக்குக் குறையாது. நிலையான காவல் அரணில் வைத்துச் சுட நல்ல ஆயுதம். இரவில் தவழ்ந்துபோய் ஒளிந்துகொள்ளும் இருவர் குழுவுக்குச் சரிவராது.

.50ஐ மனிதர்மேல் சுடுவது சர்வதேசச் சட்டப்படி குற்றம் என்று ஒரு நம்பிக்கை பல நாட்டு வீரர்களிடமும் உலவுகிறது. அப்படி ஒரு தடை இல்லை. 1868ஆம் ஆண்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் தடுப்பது, 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் அல்லது தீப்பற்றும் குண்டுகளை. தடை குண்டின் தன்மைக்கு, தடிமனுக்கு அல்ல.

இரண்டாவது ஆளின் துப்பாக்கி

ஸ்னைப்பர் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் ஸ்பாட்டர் என்ற துணை வீரர் இருப்பார். தூரம் அளப்பது, காற்றைப் படிப்பது, குண்டு காற்றைக் கிழித்துப்போன தடத்தைத் தொலைநோக்கியில் பார்த்துத் திருத்தம் சொல்வது எல்லாம் அவர் வேலை. பல படைகளில் இருவரில் அனுபவம் கூடியவர்தான் ஸ்பாட்டர்.

ஸ்னைப்பருக்குக் கனமான காலிபரைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பாட்டரின் துப்பாக்கிக்குப் பொறுப்பு கூடுகிறது. ஏழு கிலோ எடையுள்ள .338 போல்ட் துப்பாக்கி 1,200 மீட்டரில் அரசன். புதருக்குப் பின்னாலிருந்து ஐம்பது மீட்டரில் நாலு பேர் வந்துவிட்டால் அதை வைத்துச் சமாளிக்க முடியாது. பத்துத் தோட்டாவைப் படபடவென்று சுடும் டிராகுனோவிலிருந்து போல்ட் துப்பாக்கிக்கு மாறும்போது இந்த இழப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். ஈடுகட்ட வழிகள் மூன்று:

1. சாதாரணத் தாக்குதல் துப்பாக்கி. 5.56 அல்லது ஏகே. குழலின் கீழே கையெறி குண்டு செலுத்தி பொருத்தியும் இருக்கலாம். எடை குறைவு; பிளாட்டூனில் யாரிடமிருந்தும் தோட்டா வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நானூறு மீட்டருக்கு அப்பால் ஸ்னைப்பருக்குத் துணையாக இருக்காது.

2. 7.62×51 சுடும் தானியங்கி ஏற்றத் துப்பாக்கி, நல்ல தொலைநோக்கியோடு. அமெரிக்காவின் எம்110, பிரிட்டனின் எல்129ஏ1 இந்த வகை. நெருக்கத்தில் வேகமாகச் சுடும், 700, 800 மீட்டர் வரை இரண்டாவது ஸ்னைப்பராகவும் நிற்கும். இதற்குக் கொடுக்கும் விலை கூடுதல் எடை.

3. கொஞ்சம் பின்னால் இலகு எந்திரத் துப்பாக்கியோடு ஒரு காவல் குழு. நிலையான எல்லை நிலைகளில் இது முடியும். எதிரிப் பகுதிக்குள் ஆழமாகப் போகும் குழுவுக்கு முடியாது.

இந்தியாவைப் பொறுத்தவரை இரண்டாவது வழிக்கு ஆகும் செலவு ஓரளவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். 2019இல் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2024இல் இன்னும் 73,000. அதில் ஒன்றுக்கு நல்ல தொலைநோக்கி மாட்டி ஸ்பாட்டரிடம் கொடுத்தால், நெகேவுக்கு வரும் அதே தோட்டா அவருக்கும் வரும். எம்110 அளவுக்குத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

எடையையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும். 7.62×51 தோட்டா ஒன்று 25 கிராம் அளவு. .338 ஏறக்குறைய 45 கிராம். .50 நூறு கிராமைத் தாண்டும். ஐம்பது தோட்டா என்றால் ஒன்றேகால் கிலோ, இரண்டேகால் கிலோ, ஐந்து கிலோவுக்கு மேல் என்று ஏறிக்கொண்டே போகும். இதன் மேல் தொலைநோக்கி, லேசர் தூரமானி, வானொலி, பேட்டரி, தண்ணீர், குளிருடை. இருவர் தோளில்தான் எல்லாம்.

தோட்டா எங்கிருந்து வரும்

2019இல் திரும்பப் பெற்ற டெண்டருக்கு வருவோம். 5,719 துப்பாக்கிக்கு 1.02 கோடித் தோட்டா என்றால் துப்பாக்கி ஒன்றுக்குச் சுமார் 1,780. பார்க்க நிறையத் தெரியும். வாரத்துக்கு 50 தோட்டா சுட்டுப் பயிற்சி எடுத்தால் 36 வாரத்தில் காலி. மருந்து அதிகமுள்ள மேக்னம் தோட்டாக்கள் குழலையும் சீக்கிரம் தேய்க்கும் என்பதால், தோட்டா தீரும்போது மாற்றுக் குழல் பற்றிய யோசனையும் வந்திருக்கும்.

அமெரிக்கச் சிறப்புப் படைகள் தேர்ந்தெடுத்த பாரெட் எம்ஆர்ஏடி இந்தச் சிக்கலை நேராகத் தொடுகிறது. ஒரே துப்பாக்கியில் குழலையும் போல்ட்டையும் மாற்றினால் 7.62×51, .300 நார்மா மேக்னம், .338 நார்மா மேக்னம் என்று மூன்றும் சுடலாம். பயிற்சித் திடலில் விலை குறைந்த 7.62, களத்தில் தூரத்துக்குத் தக்க மேக்னம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறியைச் சரிபார்க்க வேண்டும் என்பது தொல்லைதான், ஆனால் கிடங்குக் கணக்கு சுலபமாகிவிடுகிறது.

இந்தியாவில் துப்பாக்கி கிடைப்பது முன்போல் கடினமில்லை. பெங்களூரின் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் .338 சுடும் ‘சேபர்’ துப்பாக்கியைச் செய்கிறது; அதற்கு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்ததாக 2024இல் செய்தி வந்தது. தோட்டாதான் வேறு கதை. ஸ்னைப்பர் தரத் தோட்டாவில் ஒவ்வொன்றிலும் மருந்தின் எடை, குண்டின் எடை, உறையின் தடிமன் எல்லாம் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருக்க வேண்டும். கிளம்பும் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் கூடிக் குறைந்தாலே 1,000 மீட்டரில் குண்டு மேலும் கீழும் விலகிவிடும். எந்திரத் துப்பாக்கித் தோட்டாவை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும் ஆலை அப்படியே இதற்கு மாறிவிட முடியாது. அதற்கென்று தனி எந்திரம், தனிப் பரிசோதனை வேண்டும், கழித்துப் போடும் துணிவும் வேண்டும்.

2021 அக்டோபரில் அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, துப்பாக்கி செய்யும் திருச்சித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்ட் வெப்பன்ஸ் நிறுவனத்தின் கீழே போனது. தோட்டா செய்யும் ஆலைகள் புனேயின் மியூனிஷன்ஸ் இந்தியாவிடம் போயின. அடுத்த ஸ்னைப்பர் டெண்டர் வரும்போது துப்பாக்கியின் பெயரோடு, தோட்டாவை யார் செய்யப்போகிறார்கள், ஆண்டுக்கு எத்தனை, எந்த நிமிடக் கோணத்துக்குப் பரிசோதித்துக் கொடுப்பார்கள் என்ற வரிகளும் அதில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும்.